கணப்பு மூட்ட வந்தவள்

கிராக்ஷாவில் ஒருவர் உயிரோடிருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள அவர் வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்தால் போதும். காலையில் புகை வந்தால் ஆள் இருக்கிறார். நேரம் ஏறியும் வரவில்லையென்றால் எதிர்வீட்டுக்காரி சால்வையைப் போர்த்திக்கொண்டு கதவைத் தட்டக் கிளம்பிவிடுவாள். இங்கிலாந்தில் யார்க்ஷயர் மலைச்சரிவில் கட்டிய ஊர். மேல்தெரு வாசலில் நின்றால் கீழ்த்தெருவின் புகைபோக்கிகள் கண்ணுக்கு நேரே இருக்கும். அதனால் அடுத்தவர் வீட்டுப் புகையை வேவு பார்ப்பது இங்கே யாருக்கும் தப்பாகத் தோன்றியதில்லை.

அந்தப் புகையை வரவழைப்பதுதான் ஐரீன் ஹோல்ராய்டின் வேலை. எழுபதுகளில் கவுன்சில் தானே சம்பளம் கொடுத்து இதற்குப் பெண்களை வைத்திருந்தது. ஹோம் ஹெல்ப் என்று பெயர். தனியாகக் கிடக்கும் கிழவர் கிழவிகள் வீட்டுக்குக் காலையில் போய்ச் சாம்பல் அள்ளி, கணப்பு மூட்டி, ஓட்ஸ் கஞ்சி வைத்து, இரவு மூத்திரப் பாத்திரத்தைக் கொட்டிக் கழுவி, சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். டாக்டர் வருவது எப்போதாவது. பெற்ற பிள்ளைகள் வருவது கிறிஸ்துமஸுக்கு. மழையோ பனியோ, ஐரீன் வருவாள்.

அவளுக்கும் அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. பஸ் ஓட்டிய புருஷன் ஜாக் போய்ச் சேர்ந்து வெகு காலமாயிற்று. பிள்ளை இல்லை. முழங்கால் இரண்டும் சொல்பேச்சு கேட்பதில்லை. பாவம் தனிக்கட்டை என்று யாராவது ஆரம்பித்தால் அவர்கள் வீட்டு ஓட்டை உடைசல்களையெல்லாம் எடுத்துவிட்டு வாயை அடைத்துவிடுவாள். ஊரில் அவளைப் பிடிக்காதவர்கள் உண்டு, அவள் வேண்டாமென்று சொன்னவர்கள் கிடையாது.

வில்ஃப்ரெட் சக்டன் அவளுடைய காலை வீடுகளில் ஒருவர். தறி ஆலையில் மேஸ்திரியாக இருந்தவர். எண்பதைத் தாண்டிவிட்டார். வெளிச்சம் எது, இருட்டு எது என்பதற்கு மேல் கண்ணில் ஒன்றும் மிச்சமில்லை. விரல்கள் மடங்கிப் போயிருந்தன. மாடியில் படுக்கை, கீழே கணப்பும் நாற்காலியும். படிக்கட்டில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கி வருவார். வாய்க்கு மட்டும் வயது ஏறவில்லை.

“என்ன பொண்ணே, கஞ்சி வைக்கிறியா, சுவத்துக்குப் பசை காய்ச்சுறியா?” என்பார்.

“சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க. ஒட்டுச்சுன்னா பசை” என்பாள் ஐரீன்.

அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான். ஊருக்கு மேலே, மரமே இல்லாத பொட்டல் மேட்டில், கவுன்சிலின் முதியோர் இல்லம் இருந்தது. மூர்வியூ என்று அழகாகப் பெயர் வைத்துச் சுவருக்குப் பால்நிறச் சாயமும் பூசியிருந்தார்கள். சாயம் பூசினால் ஆயிற்றா? கதியற்றவர்களைக் கொண்டுபோய் அடைத்து வேலை வாங்கிய பழைய கட்டடம்தான் அது. ஊர் அதை இன்னமும் மேட்டு வீடு என்றுதான் சொன்னது. சக்டனுக்கு ஆறு வயதில் அப்பா இறந்ததும் அம்மாவும் அவரும் அங்கே போக வேண்டி வந்தது. வாசலிலேயே பெண்களை ஒரு பக்கமும் பிள்ளைகளை ஒரு பக்கமும் பிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் அவள் இறந்துவிட்டாள் என்று யாரோ ஒரு சமையற்காரி சொன்னாள்.

“அங்கே மட்டும் அனுப்பிடாதே பொண்ணே. இங்கேயே விறைச்சுப் போனாலும் பரவாயில்லே” என்று ஐரீனிடம் அடிக்கடி சொல்வார். “நான் இருக்கறவரைக்கும் அனுப்ப மாட்டேன்” என்று அவளும் சொல்வாள். சொன்ன சொல் அவளுக்கு விளையாட்டல்ல.

நவம்பரில் ஒருநாள் காலை அவள் போனபோது கணப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. சாம்பல் அள்ளியிருந்தது. சக்டன் நாற்காலியில் கழுத்துவரை பொத்தான் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன, மறுபடியும் வந்துட்டே? விடியறதுக்கு முன்னாடி வந்து எல்லாத்தையும் செஞ்சே. பேச்சுக் குடுத்தா ஒரு பதில் இல்லே. கோவமா?”

“நான் எங்கே வந்தேன்? இப்பத்தான் வரேன்.”

“அப்போ யாரு?”

எதிர்வீட்டு பெஸ்ஸி கிளெக் வந்திருப்பாள் என்று ஐரீன் நினைத்தாள். யார் வேண்டுமானாலும் வரலாம். கிராக்ஷாவில் வயதானவர்கள் வீட்டுச் சாவி கதவுக்கு உட்புறம் ஒரு கயிற்றில் தொங்கும். வெளியே நின்று தபால் போடுகிற பிளவுக்குள் கையை விட்டுக் கயிற்றை இழுத்தால் சாவி வந்துவிடும். திருடன் வந்தாலும் அவனுக்கும் சாவி கிடைக்கும்தான், ஆனால் சக்டன் வீட்டில் திருட என்ன இருக்கிறது? பெஸ்ஸிக்கு நல்ல மனசு என்று எண்ணிக்கொண்டு ஐரீன் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனாள். அடுத்த நாளும் கணப்பு எரிந்தது. அதற்கடுத்த நாளும்.

வெள்ளிக்கிழமை கவுன்சில் அலுவலகத்தில் மேற்பார்வை அதிகாரி மிஸ் ஆர்மராடைப் பார்த்து அந்த வாரத்து நிலவரம் சொல்ல வேண்டும். அங்கேதான் ஐரீனின் வாய் சும்மா இருக்கவில்லை.

“சக்டனுக்கு ஒரு குறையும் இல்லே மிஸ். நான் போறதுக்குள்ளே யாரோ வந்து கணப்பே மூட்டிடறாங்க. ராஜா மாதிரி உட்கார்ந்திருக்காரு.”

மிஸ் ஆர்மராட் தலையை நிமிர்த்தினாள். கெட்டவள் இல்லை அவள். இரண்டு ஹோம் ஹெல்ப்புகள் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். கால்வாய்த் தெருவில் இடுப்பு ஒடிந்த ஒருத்தி ஆளில்லாமல் கிடந்தாள். எந்த வீட்டில் அரை மணி நேரம் பிடுங்கலாம் என்று வாரம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தவளிடம் ஐரீன் தானே போய்க் கொடுத்துவிட்டாள்.

“அக்கம்பக்கத்துல ஆள் இருக்குன்னா நாம விலகிக்கறதுதான் முறை, மிஸஸ் ஹோல்ராய்ட். திங்களும் வியாழனும் அவருக்குப் போதும். மத்த மூணு நாள் நீங்க கால்வாய்த் தெருவுக்குப் போங்க.”

“நான் அதுக்காகச் சொல்லலியே மிஸ்!”

“எதுக்காகச் சொன்னா என்ன? நல்ல சேதிதானே.”

கவுன்சில் வேலையில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. ஒரு கிழவருக்கு உதவ ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டால், இருக்கிற உதவி போய்விடும். அத்தனை வருஷம் வேலை பார்த்தும் இது தோன்றாமல் போயிற்றே என்று ஐரீன் தன்னையே திட்டிக்கொண்டு வீடு திரும்பினாள்.

வழியில் பெஸ்ஸி வாசற்படியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஐரீன் நின்றாள்.

“உனக்குப் புண்ணியமாப் போகும்டி. தினமும் கணப்பு மூட்டறே. இனிமே செவ்வாய், புதன், வெள்ளி முழுக்க உன் தலையிலதான். விட்டுடாதே.”

பெஸ்ஸி துணியைப் பிழிவதை நிறுத்தினாள். “நானா? என் வீட்டுக் கணப்பையே என் புருஷன்தான் மூட்டறான். குனிஞ்சா நிமிர முடியலே. நீதான் சீக்கிரம் வரேன்னு நெனச்சேன்.”

“நீ யாரையும் பார்க்கலியா?”

“புகையைத்தான் பார்த்தேன். நம்ம வீட்டுக்கெல்லாம் முன்னாடி அவர் வீட்டுல வந்துடுது. இந்த ஐரீனுக்குத் தூக்கமே வராதான்னு கேட்டேன், என் புருஷன்கிட்ட.”

ஐரீன் அந்தத் தெருவில் வீடு வீடாகக் கேட்டாள். சக்டனுக்கு வலப்பக்கத்து வீடு காலி, இடப்பக்கத்து வீட்டில் கூரையே இல்லை. யாரும் போகவில்லை. எல்லோரும் ஐரீன் போகிறாள் என்றே நினைத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை முதல்முறையாக அந்தக் கணப்பை உற்றுப் பார்த்தாள். கிராக்ஷாவில் எல்லோரும் பழைய செய்தித்தாளைச் சுருட்டி, கடையில் வாங்கிய சுள்ளியை அடுக்கித்தான் மூட்டுவார்கள். இதில் காகிதச் சாம்பலே இல்லை. கருத்து முறுக்கிய புதர்க்குச்சிகள் ஓரத்தில் எரியாமல் கிடந்தன. பொட்டல் மேட்டில், அந்த மேட்டு வீட்டைச் சுற்றித்தான் அந்தப் புதர் வளரும். அவ்வளவு தூரம் ஏறிப் போய் யார் சுள்ளி பொறுக்குவார்கள்? அவள் அம்மா காலத்திலேயே அந்தப் பழக்கம் நின்றுவிட்டது.

வியாழக்கிழமை சாரலும் பனியும் கலந்து அடித்தது. ஐரீன் தபால் பிளவுக்குள் கையை விட்டுத் துழாவினாள். கயிறு கிடைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டாள்.

உள்ளிருந்து யாரோ சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார்கள். வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டார்கள். ஈரமான விரல்கள், சில்லென்று இருந்தன. சலவைச் சோடாவில் ஊறித் தோல் வெடித்துச் சொரசொரவென்று, ஐரீனின் கை எப்படியோ அப்படி.

கையை வெடுக்கென்று இழுத்ததில் மணிக்கட்டில் தோல் கிழிந்தது. “மிஸ்டர் சக்டன்!” என்று கத்தினாள்.

“மேலே இருக்கேன்! இன்னும் எழுந்திரிக்கலே!” என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

ஓடிவிட வேண்டும் என்றுதான் இருந்தது அவளுக்கு. ஆனால் மாடியில் ஒரு கிழவர் இருக்கிறார், காலையாகிவிட்டது, உள்ளே போகத்தான் வேண்டும். கதவைத் திறந்தாள். அறையில் யாருமில்லை. பின்கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது. கணப்பு நன்றாகப் பிடித்து எரிந்தது. அதன் எதிரே சக்டனின் சட்டை சூடாகட்டும் என்று நாற்காலி முதுகில் விரித்துப் போட்டிருந்தது.

அவள் மாடிக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள்.

“வர்றது நீ இல்லேன்னு எனக்கும் சந்தேகம்தான்” என்றார் சக்டன். “உன் கால் தடதடன்னு வரும். அது வந்தா சத்தமே இருக்காது.”

“உங்க ஆனியா இருக்குமோ?” ஆனி அவருடைய செத்துப்போன மனைவி.

“ஆனியா? அவ உசுரோட இருந்தப்பவே எட்டு மணிக்கு முன்னாடி எழுந்ததில்லே. செத்த அப்புறமா எழுந்துக்கப் போறா?”

ஐரீனுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. “அப்போ உங்க அம்மாவா?”

“தெரியலே. அம்மா கை எப்படி இருக்கும்னு எனக்கு மறந்துபோச்சு. ஒத்தாசைக்கு வந்தவங்களைப் போய் நீ யாருன்னு கேக்கறதா?”

“உங்களுக்குப் பயமா இல்லையா?”

“எனக்கு என்ன பயம்னு உனக்குத் தெரியும்” என்றார் சக்டன்.

பறிபோன மூன்று நாளை எப்படியாவது திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று ஐரீன் அன்றே கவுன்சிலுக்குப் போனாள். தான் தப்பாகச் சொல்லிவிட்டதாகவும் அவருக்கு யாருமே உதவிக்கு இல்லை என்றும் மிஸ் ஆர்மராடிடம் சொன்னாள்.

“அப்போ கணப்பை யாரு மூட்டறாங்க?” என்று கேட்டாள் மிஸ் ஆர்மராட்.

எதைச் சொல்வாள் ஐரீன்? அக்கம்பக்கத்தார் என்று சொன்னால் பறிபோன நாள் போனதுதான். சக்டனே மூட்டுகிறார் என்றால், கண் தெரியாதவர் நெருப்போடு விளையாடுகிறார், இனி தனியாக விடக்கூடாது என்று அவரை மேட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். உண்மையைச் சொன்னால் அவரோடு சேர்த்து அவளையும் கொண்டுபோவார்கள்.

“சாதாரணக் கேள்விதானே, மிஸஸ் ஹோல்ராய்ட்.”

“நீங்களே ஒரு தடவை வந்து பாருங்க மிஸ்” என்றாள் ஐரீன். வேறு வழி தோன்றவில்லை.

அடுத்த திங்கட்கிழமை விடிந்ததும் மிஸ் ஆர்மராட் வந்தாள். வழுக்கும் கற்படிகளில் ஏறி வந்ததில் கம்பளிக் கையுறை நனைந்து சொட்டியது. “நான் எடுக்கறேன் மிஸ்” என்று ஐரீன் தடுத்தும் கேட்காமல், “எனக்கும் சாவி எடுக்கத் தெரியும்” என்று பிளவுக்குள் கையை விட்டாள். சற்று நேரம் அப்படியே நின்றாள். முகம் வெளுத்துப்போனது. கையை மெதுவாக வெளியே எடுத்தபோது அதில் சாவி இருந்தது. கையுறை இல்லை.

இருவரும் உள்ளே போனார்கள். கணப்பின் முன்கம்பியில் அந்தக் கையுறை, விரல் விரலாக நீவிவிட்டு, உலரப் போட்டிருந்தது. அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. மாடியில் சக்டன் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

மிஸ் ஆர்மராட் கையுறையைத் தொடவில்லை. வாசலுக்கு வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“நான் ஒண்ணும் பார்க்கலே” என்றாள். “ஆனா ஆளில்லாத வீட்டுல நெருப்பு எரியுது, மாடியில கண்ணு தெரியாத ஒருத்தர் தூங்கறார். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா பதில் சொல்ல வேண்டியது நான். அவர் இங்கே இருக்க வேண்டாம்.”

“மிஸ், அவருக்கு அந்த இடம்னா உசுரே போயிடும். காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.”

“நீங்கதானே என்னை வரச் சொன்னீங்க” என்றாள் மிஸ் ஆர்மராட்.

வெள்ளிக்கிழமை கவுன்சில் வண்டி வந்தது. சக்டன் கத்தவில்லை, திமிறவில்லை. ஐரீன் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிடும்போது, “நீ சொன்னியே பொண்ணே” என்று மட்டும் சொன்னார். வண்டி மேட்டுச் சாலையில் ஏறி மறையும்வரை ஐரீன் நின்றாள். அவர் தன்னை அடித்திருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது. கவுன்சில் ஆள் கயிற்றை அறுத்து, வீட்டைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

சனிக்கிழமை காலை சக்டன் வீட்டுப் புகைபோக்கியில் புகை வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. பெஸ்ஸி ஓடிவந்து ஐரீனின் கையைப் பிடித்துக்கொண்டாள். “என் புருஷன் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தான்டி. கணப்பு எரியுதாம். நாற்காலி முதுகுல சட்டை போட்டிருக்காம். உள்ளே ஒரு ஈ காக்கா இல்லே. நாங்க எங்க அக்கா வீட்டுக்குப் போறோம்மா. தெருவுல மத்தவங்களும் கிளம்பறாங்க.”

அன்று மத்தியானம் ஐரீன் மேட்டு வீட்டுக்குப் போனாள். நீண்ட கூடத்தில் சுவரோரமாக நாற்காலிகள். அவற்றில் கிழவர்கள் வரிசையாக, ஒருவரோடு ஒருவர் பேசாமல். கணப்பு இருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். வெந்நீர்க் குழாய் எங்கோ கடகடவென்றது. சக்டன் யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டிருந்தார், பொத்தான் மாறிப் போயிருந்தது. அவள் குரலைக் கேட்டதும் கையைப் பிடித்து இழுத்தார்.

“அவகிட்ட யாராவது சொன்னாங்களா?”

“எவகிட்ட?”

“எவகிட்டயா? தினமும் வந்து மூட்டிட்டு நான் இறங்கி வருவேன்னு உட்கார்ந்திருப்பா. நான் எங்கே போனேன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? நீ போய்ச் சொல்லு. நான் இங்கே இருக்கேன்னு சொல்லு.”

ஐரீன் அந்தக் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்த அத்தனை முகங்கள். “அது என்னன்னே தெரியாம இத்தனை பேர் இருக்கற இடத்துக்குக் கூட்டிட்டு வரச் சொல்றீங்களா?”

“இத்தனை பேர்ல ஒருத்தருக்காவது காலையில சட்டையைச் சுட வச்சுக் குடுக்க ஆள் இருக்கா, கேட்டுப் பாரு” என்றார் சக்டன். அவள் கையை விடவில்லை. “நான் இங்கே செத்தா அம்மா மாதிரியே செத்தேன்னு ஆகும் ஐரீனு. போய்ச் சொல்லு.”

அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மலையிறங்கி வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. காலியான தெருவில் ஐரீன் சக்டன் வீட்டு வாசற்படியில் முழங்காலை மடக்கி மண்டியிட்டாள். தபால் பிளவின் மூடியை விரலால் தூக்கிப் பிடித்தாள். உள்ளே சாம்பல் வாரும் சத்தம் கேட்டது. இரும்புக் கரண்டி கல்லில் உரசுகிற அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியாததா? ஓடிப் போய்விடு என்று மனசு கத்தியது. லீவு போடுகிற நாளில் தன் வீடுகளை இன்னொரு ஹோம் ஹெல்ப்பிடம் ஒப்படைப்பது போலவே பேச ஆரம்பித்தாள். வேறு எப்படிப் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“இதோ பாரும்மா. அவரை இங்கேருந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. மேட்டு வீட்டுல இருக்கார். ஆம்பளைங்க பக்கம், மாடி, ஜன்னலோரக் கட்டில். சட்டை அவரோடது இல்லே, உறுத்துது. இடது கால் பூட்ஸு கடிக்கும், பார்த்துப் போட்டுவிடு. கஞ்சியில உப்புக் கம்மியா.”

சாம்பல் வாரும் சத்தம் நின்றது. பிளவின் அந்தப் பக்கம் யாரோ குனிந்து காதைக் கொடுத்துக் கேட்பது ஐரீனுக்குத் தெரிந்தது. அவள் முகத்தில் சில்லென்று மூச்சுப் பட்டது. அதற்கப்புறம் வீடு வெறும் வீடாகிவிட்டது. எப்படி என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் உள்ளே இனி யாருமில்லை என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டாள். என்ன காரியம் செய்துவிட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை காலை மிஸ் ஆர்மராட் தலை வாராமல் ஐரீன் வீட்டுக் கதவை இடித்தாள். “சக்டனைக் காணோம். எல்லாக் கதவும் பூட்டினது பூட்டினபடியே இருக்கு. மேடு பூரா உறைபனி. கண்ணு தெரியாத மனுஷன்!”

ஐரீன் பதில் சொல்லாமல் அவளை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்து கீழ்த்தெருவைக் காட்டினாள். ஒரே ஒரு புகைபோக்கியில் புகை நேராக ஏறிக்கொண்டிருந்தது.

கவுன்சில் பூட்டிய பூட்டு பூட்டியபடியே இருந்தது. மிஸ் ஆர்மராட் கைப்பையிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தாள். சக்டன் தன் நாற்காலியில், தன் சட்டையில், சவரம் செய்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். பூட்ஸில் ஒரு பொட்டு ஈரமில்லை. மடியில் கஞ்சிக் கிண்ணம் காலியாக இருந்தது.

“யார் உங்களை இங்கே கொண்டுவந்தது?” மிஸ் ஆர்மராட் நிலைப்படியைத் தாண்டவில்லை.

“கண்ணு தெரியாதவனைப் போய் யாரைப் பார்த்தேன்னு கேக்கறியேம்மா” என்றார் சக்டன். “திரும்ப எத்தனை தடவை வேணாலும் கொண்டுபோ. வழி தெரிஞ்சவங்க இருக்காங்க.”

அவள் கணப்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “வாரத்துக்கு அஞ்சு நாள், மிஸஸ் ஹோல்ராய்ட்” என்றாள் கடைசியில். “கணப்பு மூட்டறது நீங்க. மேலே கேட்டா நான் அப்படித்தான் சொல்வேன். என்கிட்ட வேற எதுவும் பேசாதீங்க.” அவள் காலணிச் சத்தம் தெருவில் வேகமாகத் தேய்ந்தது.

ஐரீன் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் வீட்டில் இருக்கிறார். இனி யாரும் அவரைத் தொட மாட்டார்கள். சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

“அழாதே பொண்ணே” என்றார் சக்டன். “அவ பேசினா. இத்தனை நாள் பேசாதவ, நேத்து மேட்டுலேருந்து இறங்கி வரும்போது வாயைத் திறந்தா. உன்னைப் பத்தித்தான் கேட்டா.”

“என்னைப் பத்தியா?”

“வாசல்ல வந்து சொல்லிட்டுப் போச்சே அந்தப் பொம்பளை, அதுக்கு வீட்டுல யாரு இருக்கான்னு கேட்டா. ஒருத்தரும் இல்லேன்னேன். முழங்கால் ரெண்டும் போச்சு, இன்னும் கொஞ்ச நாள்ல படியிறங்கக்கூட முடியாது, வாய்தான் ஒத்துக்காதுன்னேன். அதுசரி, வீடு எதுன்னு கேட்டா.” சக்டன் கிண்ணத்தை அவள் இருக்கும் திசையில் நீட்டினார். “சொல்லிட்டேன். சொல்லாம எப்படி இருக்கறது? நீ எனக்காகப் போய்ச் சொன்னே இல்லே.”

ஐரீனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயம்தான், அதில் சந்தேகமில்லை. ஜாக் செத்ததிலிருந்து, நாளைக்கு நான் படுத்துவிட்டால் காலையில் யார் வருவார்கள் என்ற கேள்வியை ஒருவரிடமும் சொல்லாமல் அமுக்கி வைத்திருந்தாள். அந்தக் கேள்வி இப்போது நெஞ்சில் இல்லை. அது போய்விட்டதே என்று நிம்மதியாக இருந்ததுதான் அவளை இன்னும் அதிகமாகப் பயமுறுத்தியது. அவர் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கழுவப் போனாள்.